பிளாஸ்டிக் குருணையை ஆபத்தான சரக்கு என்று அறிவியுங்கள்: ஐ.எம்.ஓ. பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பொருட்கள் செய்ய மூலப்பொருளாகக் கப்பலில் ஏற்றிப்போகும் பிளாஸ்டிக் குருணையை, நீங்கள் நர்டில் என்று சொல்வதை, ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.எம்.டி.ஜி. விதித்தொகுப்பில் சேருங்கள். அது எந்தக் கண்டெய்னரில் இருக்கிறது என்று எழுதி வைப்பதையும், அந்தக் கண்டெய்னரை மேல்தளத்துக்குக் கீழேயோ பாதுகாப்பான உள்பக்கத்திலோ அடுக்குவதையும், எளிதில் கிழியாத பையில் கட்டி அனுப்புவதையும் கட்டாயமாக்குங்கள். இந்த மூன்றும் உங்களுக்குப் புதியவை அல்ல. 2024 மார்ச்சில் உங்கள் கடல்சார் சுற்றுச்சூழல் பாதுகாப்புக் குழுவே இவற்றை ஏற்றுக்கொண்டு சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் விரும்பினால் செய்யலாம் என்ற அளவில் அது நின்றுவிட்டது. அதை விதியாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏன் கேட்கிறோம் என்று சொல்கிறேன்.

விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற கப்பல் 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் உள்ள எந்த வீட்டிலும் முதலில் கேட்பது அதைத்தான், அந்த நிம்மதி எங்களுக்கும் இருந்தது. அப்புறம் சரக்கு விவரம் வந்தது. மொத்தம் 640 கண்டெய்னர்கள். ஆபத்தான சரக்கு ஏற்றியவை 13, கால்சியம் கார்பைடு ஏற்றியவை 12. தொட்டிகளில் 84 டன் டீசல், 367 டன் ஃபர்னஸ் ஆயில். கரையில் ஒதுங்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள் என்று எச்சரித்தார்கள். எல்லாரும் எண்ணெய் வருகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தது குருணை. முதலில் திருவனந்தபுரம் மாவட்டக் கரையில், பிறகு எங்கள் கரையில். அந்த முதல் அறிவிப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதிகாரிகளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. உங்கள் விதிப்படி குருணை ஆபத்தான சரக்கு இல்லை. ஆகவே ஆபத்தான சரக்குப் பட்டியலில் அது வராது. பட்டியலில் இல்லாத ஒன்றுக்காகக் கடலோரக் காவல்படை எந்த ஏற்பாட்டைச் செய்யும்? மாவட்ட நிர்வாகம் எந்த ஊருக்கு ஆள் அனுப்பும்? முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் முக்கியம். மூட்டைகள் கிழியாமல் மிதக்கும்போதே வள்ளத்தில் போய் இழுத்து வந்துவிடலாம். எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்த வேலை. அலையில் அடிபட்டு மூட்டை வாய் பிளந்தபிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சல்லடையை எடுத்துக்கொண்டு நாங்களும் மணலில் இறங்கினோம். அந்த வேலை எப்படி இருக்கும் என்று லண்டனில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

குருணை ஒவ்வொன்றும் ஜவ்வரிசி மாதிரி இருக்கும், வெள்ளையாக, பாதி ஒளி புகுகிற மாதிரி. அலை ஏறி வந்து நிற்கும் வரியில் பாசி, சிப்பித்துண்டு, குச்சி, தெர்மாகோல் எல்லாவற்றோடும் கலந்து கிடக்கும். காய்ந்த மணலைச் சல்லடையில் போட்டால் மணல் இறங்கிவிடும், குருணையும் சிப்பியும் மேலே நிற்கும். ஈர மணல் இறங்காது, சல்லடையின் கண்களை அடைத்துக்கொள்ளும். அதனால் ஈர மணலைக் கடல்தண்ணீர் நிறைந்த வாளியில் கொட்டிக் கலக்குவோம். மணலும் சிப்பியும் அடியில் தங்க, குருணை மேலே மிதக்கும். அதை டீ வடிகட்டியால் அரித்தெடுத்துச் சாக்கில் போடவேண்டும். பாசியைச் சேர்த்து அள்ளிவிடவும் கூடாது, அதில் சின்ன நண்டுகளும் பூச்சிகளும் இருக்கும். ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்தால் கைக்கெட்டுகிற இடத்தைச் சுத்தம் செய்யவே காலைப்பொழுது போய்விடும். நிமிர்ந்து பார்த்தால் அதே இடத்தில் அடுத்த அலை இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டிருக்கும். மணலைக் கையால் தோண்டினால் உள்ளே இன்னொரு அடுக்கு. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்துக் கடல் அது. மணலை அரித்துக்கொண்டு போகும், வேறு இடத்தில் கொண்டுவந்து மூடும்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "இது எப்பம் மக்களே தீரும்?" என்று கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. உண்மையான பதில், எங்கள் காலத்தில் தீராது என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு குருணை சுமார் 20 மில்லிகிராம். 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தால் பத்து லட்சத்துக்கு மேல் கடலில் கொட்டும். வாளி, குடம், தண்ணீர் பாட்டில், குழாய், எங்கள் நைலான் வலை என்று எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இப்படிப்பட்ட குருணைதான், அதனால் ஓயாமல் கப்பலில் போய்க்கொண்டே இருக்கிறது. அது மக்காது, பொடியும். மீனும் பறவையும் முட்டை என்று நினைத்து விழுங்கும். கடலில் ஏற்கெனவே கரைந்திருக்கும் பிசிபி, டிடிடி போன்ற நஞ்சுகளை இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொள்ளும். டோக்கியோவில் பேராசிரியர் ஹிதேஷிகே தகாடா 2005-ல் இதை அளக்கத் தொடங்கினார். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் தங்கள் கரையில் பொறுக்கிய நூறு இருநூறு குருணைகளை அலுமினியத் தாளில் சுற்றி, உறையில் போட்டு அவருடைய ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று அழைத்தார். இப்படி யார் யாரோ அனுப்பிய உறைகளிலிருந்துதான் எந்தக் கடலில் எந்த நஞ்சு எவ்வளவு என்ற வரைபடம் உருவாகியிருக்கிறது. குருணை தீங்கற்ற சரக்கு என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால், அந்த வரைபடத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள்.

எங்களுக்கு நடந்தது எங்களுக்கு நான்கு வருடம் முன்பே இலங்கைக்கு நடந்தது, எங்களைவிடப் பல மடங்கு கொடூரமாக. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, நாள் கணக்கில் எரிந்து, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்த குருணை ஏறத்தாழ 1,680 டன். உலகில் பதிவானவற்றில் அதுதான் மிகப் பெரிய குருணைச் சிதறல். கரையில் பனி பெய்தது போலக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதி எரிந்து கருகி ஒட்டிக்கொண்டவை வேறு. மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். நீர்கொழும்புப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் வருமானம் இல்லாமல் உட்கார்ந்தார்கள். 417 ஆமைகள், 48 டால்ஃபின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்ததை இலங்கை உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. கடற்படையினரும் தன்னார்வலர்களும் கம்பி வலை கட்டிய சட்டங்களில் மணலைச் சலித்தார்கள். தி பேர்ள் புரொடெக்டர்ஸ் என்ற இளைஞர் அமைப்பு, செய்தியாளர்கள் எல்லாம் திரும்பிப் போனபிறகும் கரையை விடாமல் சலித்துக்கொண்டிருந்தது.

அந்த வருடமே இலங்கை உங்கள் முன் வந்து, குருணையை ஆபத்தான சரக்குகளில் சேருங்கள் என்று எழுதிக் கொடுத்தது. அடிபட்ட நாடு அடி ஆறும் முன்பே வந்து கேட்டது. நீங்கள் பேசினீர்கள், துணைக்குழுவுக்கு அனுப்பினீர்கள், மறுபடி பேசினீர்கள். 2024 மார்ச்சில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. அது வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகுதான் எல்சா-3 மூழ்கியது. அந்தக் கப்பலில் உங்கள் பரிந்துரைப்படி குருணை அடுக்கப்பட்டிருந்ததா என்று நாங்கள் யாரிடம் கேட்பது? பின்பற்றவேண்டிய கட்டாயமே இல்லாத ஒன்றைப் பின்பற்றினீர்களா என்று எந்த நீதிமன்றத்தில் கேட்பது?

சல்லடையோடு குனிந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. 2012-ல் விசென்டே புயலில் ஒரு கப்பலிலிருந்து கண்டெய்னர்கள் விழுந்து 150 டன் குருணை ஹாங்காங் கரைகளில் ஒதுங்கியபோது, மக்கள் வார இறுதி விடுமுறையில் கூட்டம் கூட்டமாகத் துடைப்பமும் முறமும் கொண்டுவந்து அள்ளினார்கள். 2017 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் புயலில் கப்பல் மோதி 49 டன் கொட்டியது. 2023 டிசம்பரில் போர்ச்சுகலுக்கு அப்பால் டோகோனாவோ கப்பலிலிருந்து ஆறு கண்டெய்னர்கள் விழுந்தன. அவற்றில் ஒன்றில் ஆயிரத்துக்கு மேல் குருணை மூட்டைகள். புத்தாண்டு பிறந்ததும் ஸ்பெயினின் கலீசியா மக்கள் சமையலறைச் சல்லடைகளோடு கடற்கரைக்குப் போனார்கள். அதே மக்கள்தான் 2002-ல் பிரஸ்டீஜ் எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது கறுப்புத் தாரை வெறும் கையால் அள்ளியவர்கள். ஸ்காட்லாந்தில் ஃபிட்ரா என்ற சிறிய அமைப்பு, கரையில் நடக்கப் போகிறவர்களிடம் குருணையை எண்ணி எழுதி அனுப்பச் சொல்லி வருடக்கணக்காகப் பதிவேடு வைத்திருக்கிறது.

டெக்சாஸின் டயான் வில்சனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நான்கு தலைமுறையாக இறால் பிடிக்கும் குடும்பத்துப் பெண். லவாக்கா விரிகுடாவில் தன் படகைச் சுற்றி மிதந்த குருணையும் பிளாஸ்டிக் பொடியும் பக்கத்திலிருந்த ஃபார்மோசா பிளாஸ்டிக் ஆலையிலிருந்து வருகிறது என்று அவர் சொன்னபோது, ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அவரும் சில நண்பர்களும், ஆலையில் முன்பு வேலை பார்த்தவர்களும், வெயிலிலும் சேற்றிலும் நடந்து, கிடைத்ததைப் பையில் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஒட்டினார்கள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, வருடக்கணக்கில். அந்தப் பைகளையும் புட்டிகளையும் பெட்டி பெட்டியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2019-ல் நீதிபதி அந்த நிறுவனம் திரும்பத் திரும்பக் குற்றம் செய்வது என்று எழுதினார். 5 கோடி டாலரில் வழக்கு முடிந்தது. இனி ஒரு குருணைகூட வெளியே விடுவதில்லை என்று நிறுவனம் கையெழுத்துப் போட்டது. அந்தப் பணத்தில் டயான் வில்சன் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. விரிகுடாவைச் சீர்செய்யவும் மீனவர்களின் கூட்டுறவுக்கும் அது போனது. 2023-ல் அவருக்குச் சுற்றுச்சூழலுக்காகப் போராடுகிறவர்களுக்கான கோல்ட்மேன் விருது கொடுத்தார்கள்.

அவருக்கு அங்கே எது கைகொடுத்தது என்பதை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் நீரில் கழிவு விடுவதற்குச் சட்டம் இருந்தது, ஆலைக்கு அனுமதிப் பத்திரம் இருந்தது, அதில் நிபந்தனை இருந்தது. நிபந்தனை மீறப்பட்டது என்று ஒரு இறால் பிடிக்கும் பெண்ணால் நிரூபிக்க முடிந்தது. எங்களிடமும் சாக்கு நிறையக் குருணை இருக்கிறது. தேதி எழுதி ஒட்டவும் எங்களுக்குத் தெரியும். எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று காட்டத்தான் எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த நிபந்தனையை எழுதவேண்டியவர்கள் நீங்கள்.

உங்களால் முடியாத காரியமும் இல்லை இது. 1967-ல் டோரி கேன்யன் இங்கிலாந்துக் கரையில் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியபிறகுதான் 1973-ல், கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை பிறந்தது. அலாஸ்காவில் 1989-ல் எக்ஸான் வால்டிஸ் விபத்துக்குப் பிறகு, 1992-ல் எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை உடற்கூடு வேண்டும் என்றீர்கள். பிரஸ்டீஜ் உடைந்த மறுவருடமே பழைய ஒற்றைக்கூட்டுக் கப்பல்களை வேகமாக ஒதுக்க முடிவெடுத்தீர்கள். ஒரே வருடம்! எண்ணெய்க் கம்பெனிகள் அன்றும் செலவு கூடும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இப்போது 2026 ஜனவரி முதல், கடலில் கண்டெய்னர் விழுந்தால் உடனே தெரிவிக்கவேண்டும் என்பது கட்டாயமாகியிருக்கிறது. மிக நல்ல காரியம், அதற்கு உங்களுக்கு நன்றி. ஆனால் விழுந்த பெட்டிக்குள் குருணை இருக்கிறதென்று யாருக்கும் தெரியாவிட்டால் அந்தத் தகவலில் பாதிதான் எங்களுக்குப் பயன்படும்.

மார்போலின் ஐந்தாம் இணைப்பு, கப்பலிலிருந்து எந்தக் கடலிலும் எந்தப் பிளாஸ்டிக்கையும் எறியக்கூடாது என்று 1988-லிருந்தே சொல்கிறது. ஒரு மாலுமி பால்கவரைக் கடலில் போட்டால் குற்றம், சரி. அதே கப்பலில் டன் கணக்கில் பிளாஸ்டிக், சாதாரணப் பையில், மேல்தளத்தின் வெளி ஓரத்தில், பட்டியலில் குறிப்பில்லாமல் போகலாம் என்றால், அந்த இணைப்பை எழுதியவர்களின் நோக்கமே கெட்டுப்போகிறது.

ஆபத்தான சரக்கு என்று பெயர் வைத்தால் துறைமுகங்கள் ஏற்கத் தயங்கும், காப்பீடும் கூலியும் ஏறும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். குருணை வெடிக்காது, தீயை உண்டாக்காது என்பதும். இந்த வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. செலவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் லித்தியம் பேட்டரிகள் அதே விதித்தொகுப்பின் ஒன்பதாம் வகுப்பில்தான் இருக்கின்றன, அவற்றின் வணிகம் நின்றா போனது? வெடிக்காத, எரியாத பொருளாக இருந்தாலும் கடலை மாசுபடுத்துமானால் சேர்க்கலாம் என்று அந்தத் தொகுப்பிலேயே இடம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் குருணை சிந்தாமல் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்து, கண்டெய்னரில் கடல்வழி போவதையும் அதில் சேர்த்துவிட்டது. ஐரோப்பாவுக்குப் போகும் மூட்டையை உறுதியாகக் கட்ட முடிகிறவர்களால் கொழும்புக்கும் கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் வரும் மூட்டையையும் கட்ட முடியும். இப்போது செலவே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. அந்தச் செலவை இப்போது நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம். கடலுக்குப் போகாத நாட்களாலும், வாங்க ஆளில்லாத மீனாலும், மணலில் குனிந்த முதுகுகளாலும்.

இழப்பீடு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். 2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் பேர்ள் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கப்பல் நிறுவனம் கொடுக்க மறுத்துவிட்டது. லண்டன் நீதிமன்றம் அதற்கு முன்பே அந்த விபத்துக்கான பொறுப்பு சுமார் 1.9 கோடி பவுண்டுக்கு மேல் போகாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு எங்கிருந்து வந்தது? கப்பலின் டன் அளவை வைத்துப் பொறுப்பைக் கணக்கிடும் உங்கள் உடன்படிக்கையிலிருந்து. எல்சா-3-க்காகக் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போயிருக்கிறது. அதிலும் இதே வரம்பு பற்றிய பேச்சு வரும். கப்பலின் எரிபொருளாகப் போகும் எண்ணெய்க்குத் தனி இழப்பீட்டு உடன்படிக்கை வைத்திருக்கிறீர்கள். குருணைக்கு அப்படி ஒன்று இல்லை. ஆபத்தான சரக்கு என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பேச்சே தொடங்கும்.

இந்தியாவின், இலங்கையின் பிரதிநிதிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. மீன்பிடி எல்லை விஷயத்தில் நம் இரு நாட்டு மீனவர்களுக்கும் இருக்கும் மனத்தாங்கல் எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே கிளறவில்லை. இந்த விஷயத்தில் நமக்குள் வழக்கு ஒன்றும் இல்லை. ஒரே கடல், ஒரே சரக்கு, ஒரே மாதிரி அடி. 2021-ல் இலங்கை கொடுத்த கோரிக்கைக்குக் கீழே இந்தியாவும் கையெழுத்துப் போட்டு, இரண்டு நாடுகளும் சேர்ந்து அடுத்த கூட்டத்தில் வையுங்கள். சேர்த்துக் கொடுக்கக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எடுத்த மாதிரிகள் இருக்கின்றன, கொழும்பு ஆய்வாளர்களின் பதிவுகள் இருக்கின்றன. கலீசியாவும் ஹாங்காங்கும் டர்பனும் தங்கள் பதிவுகளைத் தர மறுக்கமாட்டார்கள்.

மற்ற பிரதிநிதிகளிடம் கேட்பது இதுதான். இந்த விஷயம் அடுத்து எந்தக் குழுவில் வருகிறதோ அங்கே, இன்னொரு ஆய்வுக்கு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால், கெடு எந்த மாதம் என்று கேளுங்கள். கெடுவைக் குறிப்பில் எழுத வையுங்கள். கட்டாய விதி வரும்வரை, உங்கள் நாட்டுக் கொடி ஏற்றிய கப்பல்களுக்காவது அந்தச் சுற்றறிக்கையை உங்கள் சொந்தச் சட்டத்தால் கட்டாயமாக்குங்கள். அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். குருணை இருக்கும் கண்டெய்னர் எண்களைக் கரையோர நாட்டுக்கு முதல் மணி நேரத்திலேயே கொடுக்கும்படி உங்கள் கப்பல் நிறுவனங்களுக்கு உத்தரவிடுங்கள். எண் கிடைத்தால் போதும். மிதக்கிற மூட்டையை வள்ளத்தில் போய் எடுத்துவர எங்கள் கரையில் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டக் கடற்கரையில் வசிக்கும் ஒருவர்